தெளிந்த பானையில் இறங்காதது

என் மக்களே, ஆசுபத்திரியில் கிடந்த நாட்களில் எனக்கு என்ன ஆயிற்று என்று கேட்டீர்கள். நாளை உங்களில் யாருக்காவது இந்த நோய் வந்தால் பயப்படாமல் இருக்க எழுதிவைக்கிறேன்.

மழைக்காலத்தில் நம் கொல்லையில் ஓடைத் தண்ணீர் செம்மண்ணாய் வரும். அதைத் தெளியவைப்பது என் வேலை. பானையின் உட்புறம் தேற்றாங்கொட்டையை உரசி ஊற்றினால் மணல் உடனே இறங்கும். சேறு மதியத்துக்குள் அடியில் படியும். மேலே கண்ணாடிதான். சுக்குப் போட்டுக் காய்ச்ச வந்த உங்கள் அம்மையை, "தெளிஞ்ச தண்ணிய எதுக்குட்டீ புகைய வைக்க?" என்று தடுத்ததும் நான்தான்.

முதலில் அடிவயிற்றில் ஒரு முறுக்கு. மறுநாள் வயிற்றுளைச்சல் (சளியும் இரத்தமுமாகக் கழிவது). ஐந்தாம் நாள் எழுந்து நிற்க முடியவில்லை. மாட்டுவண்டியில் நெய்யாற்றின்கரை ஆசுபத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

குடலைக் கழுவிவிடும் பேதியுப்பும் கூவைமாவுக் கஞ்சியும் என்னை மெல்லப் பிடித்து நிறுத்தின. உட்காரத் தொடங்கியதும் டாக்டரிடம் என் பானையின் பெருமையைச் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே, தெளியவைத்த ஆற்றுநீரில் மேலாக ஒரு துளி எடுத்து, உருப்பெருக்கியில் (பொடியதைப் பெரிதாய்க் காட்டும் குழல்) காட்டினார். எத்தனையோ பொடிகள் இறங்காமல், நின்ற இடத்திலேயே துடித்துக்கொண்டிருந்தன.

"மணலு வேகம் தாழும், சேறு மெல்ல தாழும். இது தாழவே செய்யாது. நோய்க்கிருமியும் இதுபோல பொடிசுதான். வே, நீரு தெளிய வச்சது மண்ண மட்டும். கிருமிய அடுப்புதான் கொல்லும்" என்றார்.

எனக்கு உங்கள் நினைவு வந்தது. வீட்டில் நீங்கள் மூவரும் அதே தண்ணீரைத்தானே குடிக்கிறீர்கள்! கஞ்சியோடு வந்த அம்மையிடம், "பிள்ளியளுக்கு கொட்டை உரசின தண்ணியா குடுக்க?" என்றேன்.

"உரச எனக்கு எங்க நேரம்? கலங்கலோட சுக்குப் போட்டு காய்ச்சியாக்கும் குடுக்கேன். அப்பாக்க கண்ணாடித் தண்ணி வேணும்னு மூணும் மூக்கச் சுழிக்குவு. ஏசணும்னா எழும்பி வீட்டுக்கு வந்து ஏசுங்க."

ஏசவில்லை. துண்டால் முகத்தை மூடி அழுதேன். அவள் பயந்துபோய் டாக்டரைக் கூப்பிட்டாள்.

இரத்தமும் கண்ணுக்குத் தெரியாத பொடிகளைச் சுமந்து ஓடுவதுதான் என்று பிறகொரு நாள் டாக்டர் சொன்னார். இப்போது கைநாடியைத் தொட்டால் அந்த ஓட்டம் நினைவில் வருகிறது. நேரமும் முன்போல் ஒன்றாக இல்லை. மணல் இறங்க ஒரு நேரம், சேறு இறங்க ஒரு நேரம்.

வீட்டுக்கு வந்த மறுநாள் நீங்கள் பள்ளிக்கூடத்தில், அம்மை வயலில். நான் வழக்கம்போல் கொட்டையை உரசினேன். சேறு இறங்கும்வரை இருந்தேன். தெளிந்ததைக் கலத்தில் வார்த்து, சுக்கைத் தட்டிப் போட்டு, அதுவரை தொட்டிராத ஊதுகுழலை எடுத்து, தண்ணீர் கொதித்துப் பொங்கும்வரை அடுப்பை ஊதினேன்.