ராணியின் காதோரத் தழும்பு

புளி வாசனை. அந்த நாட்களில் என் மேசைக்கு வந்த மெடல்கள் எல்லாவற்றிலும் அதுதான் அடித்தது...

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில் ஜொகூரில், லாயாங் லாயாங் ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுக்கும் கிராணியாக, குமாஸ்தாவாக, இருந்தேன். குவாட்டர்ஸில் தனி ஆள். சாயங்கால வண்டி போனபிறகு பேச்சுக்கு சுவர்தான். அதனால் நிறையப் படித்தேன்.

ஆங்கிலேய மன்னரின் வெள்ளிவிழா வந்தது. அவருடைய பாட்டி விக்டோரியா ராணியின் ஜூபிலிக்குக் கொடுத்த பழைய வெண்கல மெடல் யாரிடம் இருக்கிறதோ, அந்தக் குடும்பத்துக்குப் பந்தலில் முன்வரிசை நாற்காலி என்று ஊர்க் கமிட்டி அறிவித்தது. அடுத்த வாரமே எங்கள் வட்டாரத்தில் ராணிக்கு வேண்டப்பட்ட குடும்பங்கள் பெருகிவிட்டன. சிங்கப்பூர் வண்டியில் நகல் மெடல்கள் வந்து இறங்கின.

கமிட்டித் தலைவர் மளிகைக்கடை ராவுத்தர் என்னைத் தேடி வந்தார்.

"உங்ககிட்ட பூதக்கண்ணாடி இருக்கு, புஸ்தகம் இருக்கு. நீங்களே பாத்துச் சொல்லிடுங்க லா."

புத்தகம் கிரேக்க நாணயங்களைப் பற்றியது. அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அசல், அச்சில் அடித்தது. எழுத்தின் ஓரம் கூர்மையாக நிற்கும். நகல், அசலை மண்ணில் பதித்து வார்த்தது. எழுத்து சோப்புக்கட்டி போல மழுங்கியிருக்கும். விளிம்பில் அரம் தேய்த்த கோடு தெரியும். இவ்வளவுதான் வித்தை.

ஆனால் நம்மவர்கள் ராணியை சாமி படத்தோடு வைத்து, வெள்ளிக்கிழமைதோறும் புளி போட்டுத் தேய்த்து, குங்குமம் இட்டிருந்தார்கள். மாட்சிமை தங்கிய மூக்கு பல வீடுகளில் காணாமல் போயிருந்தது. அசலே நகல் மாதிரி இருக்கும். எனவே முகத்தை நம்பாமல் விளிம்பைப் பார்ப்பேன்.

ஒருநாள் காலை, சில ஸ்டேஷன்கள் தள்ளியிருக்கும் பாலோவிலிருந்து ஒரு அம்மா மெடலோடு வந்தார். நல்ல அசல். ராணியின் காதோரம் மட்டும் ஒரு வெட்டு.

"ரப்பர் மரம் சீவுற கத்தி தவறி விழுந்துச்சாம். எனக்கு வேண்டியவரு குடுத்தது. அவரு போய்ச் சேந்துட்டாரு... நான் மட்டும்தான் இருக்கேன்."

அன்று மதியமே பக்கத்து ரப்பர் தோட்டத்திலிருந்து அஞ்சலை வந்தாள். புருஷனை இழந்தவள், பிள்ளைகள் இல்லை. மஞ்சள் துணியை அவிழ்த்தாள்.

"ராணி மெடலு வாங்குனவருன்னு சொல்லித்தான் என்னைக் கட்டுனாரு. சந்தையில வாங்குனதுன்னு லயத்து வீடுகள்ல எல்லாரும் சிரிக்கிறாங்க. எனக்கு நாற்காலி வேணாம் கிராணி ஐயா. அவரு சொன்னது நெசமா, பொய்யா? அத மட்டும் சொல்லுங்க."

விளிம்பில் அரக்கோடு. நகல். ஆனால் காதோரம் அதே இடத்தில் அதே வெட்டு... அதுவும் எழுத்துகளைப் போலவே மழுங்கி. கத்தி இதில் படவில்லை. வார்க்கும்போது அசலிலிருந்த தழும்பும் சேர்ந்து வந்திருக்கிறது.

"இது நகல்மா. ஆனா இதுக்கு மாதிரியா வெச்ச அசல்லதான் கத்தி பட்டிருக்கு."

"கத்தி விழுந்தப்ப நான் பக்கத்துலதான இருந்தேன்."

"அப்ப உங்க வீட்டுல இருந்தது அசல்தான். அவரு சொன்னது நெசம்."

அவள் முகம் தெளிந்தது. பிறகு மெல்ல மாறியது. அசலை யாருக்கோ கொடுத்துவிட்டுத்தான் அவர் வீட்டில் நகலை வைத்தார் என்று படிக்க அவளுக்குப் பூதக்கண்ணாடி தேவைப்படவில்லை.

"அந்த அசலு இப்ப எங்க இருக்குன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும். கேட்டா சொல்றேன்."

மெடலை எடுத்து மஞ்சள் துணியில் வைத்தாள்.

"இன்னிக்கு வேணாம்" என்று துணியை முடிந்துகொண்டு போனாள்.

விழா நடந்தது. முன்வரிசையில் கமிட்டியின் மச்சான்மார்கள் அமர்ந்தார்கள். அவர்களிடம் யாரும் மெடல் கேட்கவில்லை. பாலோ அம்மா ஓரத்து நாற்காலியில் தனியாக இருந்தார். அஞ்சலை வரவில்லை.

மழைக்காலம் தொடங்கியபின் ஒருநாள் டிக்கெட் ஜன்னலில் வந்து நின்றாள்.

"இப்பக் கேக்கறேன்."

"பாலோவுல."

"பொம்பளையா?"

"ஆமா."

"கூட யாரு இருக்கா?"

"யாரும் இல்ல. தனியாத்தான்."

வெளியே மழையைப் பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அப்ப பாலோவுக்கு ஒரு டிக்கெட்டு குடுங்க."

"திரும்பி வர்றதுக்கும் சேத்தா?"

"போறதுக்கு மட்டும் குடுங்க. அவங்க என்ன சொல்றாங்கன்னு பாத்துட்டு..."

வண்டி போனது. நான் ஜன்னலைச் சாத்திவிட்டுக் குவாட்டர்ஸுக்குப் போனேன். பாலோவிலிருந்து அவள் திரும்பி வந்து நான் பார்க்கவில்லை.

இப்போது ஜொகூர் பாரு சந்தையில் அதே மெடலை 'நகல்' என்று பின்புறம் பொறித்தே விற்கிறார்கள். நேர்மையான காலம். கண்டுபிடிக்க ஒன்றுமில்லை, என்னிடம் கொண்டுவர யாருக்கும் காரணமும் இல்லை.

அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் சில சமயம் என்னிடம் அசலை எப்படி அறிவது என்று கேட்பார்கள். சொல்லத் தொடங்குவதற்குள் போய்விடுவார்கள். பாதி பதிலோடு போய், மீதியைக் கேட்க மழையில் திரும்பி வந்த ஒருத்தியை மட்டும்தான் நான் பார்த்திருக்கிறேன்...