சுட்டியின் வயிற்றுச் சத்தம்

மட்டக்களப்புக்காரி என்று சொன்னவுடன் வெளியூர்க்காரர்கள், வாவியில் பாடும் மீனைக் கேட்டிருக்கிறீர்களா என்றுதான் விசாரிப்பார்கள். இல்லை என்றால் முகம் வாடிவிடும். பாவம், எதற்கு வருத்துவானேன் என்று இப்போதெல்லாம் கேட்டிருக்கிறேன் என்றே சொல்லிவிடுகிறேன். உண்மையில் சிறுவயதில் நான் காது வைத்துக் கேட்டது ஒரு செம்மறி ஆட்டின் வயிற்றைத்தான்.

செட்டிபாளையத்தில் எங்கள் வளவின் பின்பக்கம் இறங்கினால் வாவிக்கரை. பள்ளிக்கூடம் விட்டு வரும் நேரத்தில் ஆடுகள் மேய்ந்து முடித்துப் பூவரச நிழலில் படுத்து அசைபோட்டுக்கொண்டிருக்கும். அவற்றில் ஒன்றுக்கு நெற்றியில் வெள்ளை விழுந்திருந்ததால் சுட்டி என்று பெயர். நான் அதன் இடது விலாவில் தலையை வைத்துப் படுத்துக்கொள்வேன். உள்ளே ஏதோ மெல்லப் புரளும். சற்று ஓய்ந்திருக்கும். பிறகு தூரத்தில் தோணியொன்று அலையில் ஏறி இறங்குவது போல ஒரு குமுறல் எழுந்து அடங்கும். வாவி முழுக்க வெயில் வெள்ளையாய்க் கிடக்கும். கண் சொருகும். அந்த வயிற்றுக்குள் ஒரு குட்டி வாவி இருக்கிறது, அதில் ஆட்கள் குடியிருக்கிறார்கள் என்று எனக்கு அப்போது நிச்சயமாகத் தெரியும். அரைத்தூக்கத்தில் அவர்கள் பேசுவதுகூடக் கேட்டிருக்கிறது.

அந்த ஆடுகள் அம்மா வாங்கியவை. அம்மா குவைத்தில் ஒரு வீட்டில் வேலை செய்துவிட்டுத் திரும்பியிருந்தாள். அவள் போகும்போது எனக்குப் பேச்சே சரியாக வரவில்லையாம். அப்பா மேசன் வேலைக்கு ஊர் ஊராய்ப் போகிறவர். என்னை வளர்த்தது அடுத்த வளவிலிருந்த பெரியம்மா. எனக்கு அம்மா என்றால் போனில் வரும் ஒரு முகம். அது சிரிக்கும், பேசும், நடுவில் உறைந்து நிற்கும், போய்விடும். அந்த முகம் திடீரென்று கையும் காலும் முளைத்து, வெளிநாட்டுச் சவர்க்கார வாசத்தோடு வீட்டுக்குள் நடமாடத் தொடங்கியபோது எனக்கு வெட்கமாக இருந்தது. கொஞ்சம் பயமாகவும் இருந்தது.

அம்மா என்னைத் தீனியால் வளைக்கப் பார்த்தாள். வேறு என்ன செய்வது என்று அவளுக்கும் தெரிந்திருக்காது. பட்டர், சீஸ், பொரித்த கோழி, சொக்லேட் என்று என் சாப்பாட்டுக் கோப்பை குவிந்து வழியும். இவ்வளவு காலமும் ஊட்டாததை எல்லாம் ஒரே மாதத்தில் ஊட்டிவிடுகிற வேகம். நான் இரண்டு வாய் கொறித்துவிட்டு, வேலிப் பொட்டுக்குள்ளால் நழுவிப் போய்ப் பெரியம்மாவின் குசினியில் குரக்கன் பிட்டும் மீன் ஆணமும் சாப்பிடுவேன். அம்மா பார்த்திருக்கிறாள். மறுநாள் கோப்பை இன்னும் குவியும்.

ஆடுகளுக்கும் அதே உபசாரம் நடந்தது. அதுவரை அவை வாவிக்கரைப் புல்லும், வயல் வட்டையில் வெள்ளாமை வெட்டியபின் கிடைக்கும் வைக்கோலும் தின்றவை. வைக்கோலைக் கண்டாலே அம்மாவுக்கு ஆகாது. சக்கையைப் போட்டு வாயில்லாச் சீவனை ஏமாற்றுவதா என்பாள். குவைத்து முதலாளியின் ஆடுகள் ரொட்டி தின்று உருண்டு திரண்டு நின்றதை அவள் கண்ணால் கண்டவள். ஆகவே பேக்கரியில் விற்காத பாண் சாக்குச் சாக்காக வந்தது. சோறு அண்டாவில் வெந்தது. பெரியம்மா முணுமுணுத்தாள், யார் கேட்டார்கள். அம்மாவின் காலடிச் சத்தம் கேட்டால் ஆடுகள் முட்டி மோதிக்கொண்டு அவளிடம் ஓடும். நான் ஓடவில்லை. அதையும் அவள் கவனித்துத்தான் இருப்பாள்.

ஆடு தழைத்தால் அம்மா வீட்டோடு இருப்பாள், இல்லாவிட்டால் மறுபடி விமானம் ஏறவேண்டியதுதான் என்று வீட்டில் பேச்சு இருந்தது. ஆளனுப்புகிற ஏஜென்ட் அடிக்கடி போன் எடுப்பான். போன் அடித்தால் நான் விளையாட்டை விட்டுவிட்டுக் காதைத் தீட்டிக்கொள்வேன். அம்மா போகக்கூடாது. ஆனால் இருக்கிற அம்மாவை என்ன செய்வதென்றும் எனக்குத் தெரியவில்லை.

ஒரு காலை சுட்டி எழும்பவில்லை. அது சினையாக இருந்தது. இடது பக்கம் உப்பி, பின்பக்கமெல்லாம் கழிந்து, பல்லை நறநறவென்று கடித்தபடி கிடந்தது. நான் ஓடிப்போய்க் காதை வைத்தேன். உள்ளே ஒன்றுமில்லை. தோணியுமில்லை, அலையுமில்லை. அங்கே குடியிருந்தவர்கள் எல்லோரும் வீட்டைப் பூட்டிக்கொண்டு போய்விட்ட மாதிரி இருந்தது. நான் கத்தி அழத்தொடங்கினேன். அம்மா அழவில்லை. அவள் முகம் போனில் உறைந்து நிற்குமே, அப்படி நின்றது.

பெரியம்மா போன் பண்ணியதும் மிருக வைத்தியர் ஸ்கூட்டியில் வந்து இறங்கினார். ஓட்டமாவடிப் பக்கத்து இளம் பெண், தலையில் முக்காடு. அவரும் சுட்டியின் இடது விலாவில்தான் குழாயை வைத்துக் கேட்டார். எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. என்ன தீனி என்று கேட்டார். அம்மா பெருமையும் பயமுமாகச் சொன்னாள். அவர் தலையை ஆட்டிக்கொண்டே அப்பச்சோடாவைத் தண்ணீரில் கரைத்துப் பருக்கினார். ஆட்டின் வயிற்றுக்குள் கண்ணுக்குத் தெரியாத சீவன்கள் குடியிருக்கின்றன, புல்லிலும் வைக்கோலிலும் உள்ள நாரைக் கரைத்து ஆட்டுக்குச் சாப்பாடாக்குவது அவைதான் என்றார். நான் சொல்லியிருந்தால் யாராவது நம்பியிருப்பார்களா? நார் இருந்தால்தான் ஆடு அசைபோடும், அசைபோட்டால்தான் எச்சில் ஊறி வயிற்றின் புளிப்பு அடங்கும். சோற்றையும் பாணையும் கொட்டியதில் உள்ளே எல்லாம் புளித்து அந்தச் சீவன்கள் செத்துக்கொண்டிருக்கின்றன என்றார்.

அம்மாவால் ஏற்கமுடியவில்லை. குவைத்தில் ஆடுகள் ரொட்டி தின்றதை மறுபடி சொன்னாள். அங்கே காய்ந்த புல் போடவில்லையா என்று வைத்தியர் கேட்டார். அம்மா யோசித்தாள்.

“தெரியாது. நான் குசினி யன்னலாலதான் பாத்தன். என்ட கையால போனது ரொட்டி மட்டும்தான்.”

வைத்தியர் குழாயைச் சுருட்டிப் பையில் வைத்தார். பிறகு அம்மா, இனி நல்ல சாப்பாடு கொடுக்கவே கூடாதா என்று சின்னக் குரலில் கேட்டாள்.

“குடுக்கலாம் அக்கா. முதல்ல வைக்கல் தின்னட்டும். பிறகு ஒரு பிடி, கொஞ்ச நாள் போக இன்னும் கொஞ்சம். வயிறு பழகணும். ஒரேயடியாக் குடுத்தா நல்ல சாப்பாடும் நஞ்சுதான்.”

அன்று அம்மா தானே வட்டைக்குப் போய் வைக்கோல் கட்டைத் தலையில் சுமந்துவந்தாள். தலைமயிரெல்லாம் தும்பு. பூவரச நிழலில் சுட்டியின் இந்தப் பக்கம் நானும் அந்தப் பக்கம் அவளும் உட்கார்ந்திருந்தோம். காற்று விழுந்து வாவி கண்ணாடியாய்க் கிடந்தது. அம்மா ஒவ்வொரு வைக்கோல் தாளாக எடுத்து அதன் வாயருகே நீட்டிக்கொண்டிருந்தாள். மறுத்தது, மறுத்தது, வெயில் சாய்ந்தபோது ஒரு தாளை உதட்டால் இழுத்தது. வெகுநேரம் கழித்துத் தொண்டையில் ஓர் உருண்டை மேலேறி வர, தாடை பக்கவாட்டில் அசைந்தது. நான் காதை வைத்தேன். ஆழத்தில் மெல்ல ஒரு தோணி அசைந்தது.

அம்மாவையும் கேட்கச் சொன்னேன். அவளிடம் நானாகப் பேசியது அநேகமாக அதுதான் முதல்தடவை. அவள் குனிந்து என் முகத்துக்கு நேரே தன் கன்னத்தை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். இப்போது அவளில் வைக்கோல் வாசம் அடித்தது. அப்படியே தூங்கிவிட்டேன்போல. விழித்தபோது அம்மா அசையாமல் அதே இடத்தில் இருந்தாள்.

சுட்டி பிழைத்து ஒரு குட்டியும் போட்டது. அம்மா ஏஜென்டின் போனை எடுப்பதை நிறுத்திவிட்டாள். இவ்வளவும் நல்லதுதான். ஆனால் என் கோப்பையும் ஒரேயடியாக வற்றிப்போயிற்று. கோழியில்லை, சீஸில்லை, சாப்பிடு சாப்பிடு என்ற கெஞ்சலில்லை. நான் பெரியம்மாவின் குசினியில் சாப்பிடும்போது அம்மாவும் வந்து வாசலோரம் குந்தியிருந்து மீன் கழுவுவாள். என் பக்கம் பார்க்கமாட்டாள். எழுந்து போகும்போது என் கோப்பையின் ஓரத்தில் பாதிப் பேரீச்சம்பழத்தை வைத்துவிட்டுப் போவாள். கொஞ்ச நாளுக்குப் பின் முழுப்பழம் ஒன்று. பிறகு பழத்தோடு, தலையில் ஒரு தடவல்.

அம்மாவுக்கு என்மேல் இருந்த ஆசை விட்டுப்போயிற்று என்றே நினைத்தேன். வீட்டில் பெட்டி நிறையப் பழம் இருக்க, அம்மா கஞ்சத்தனம் பண்ணுகிறாள் என்று பெரியம்மாவிடம் முறையிட்டேன். பெரியம்மா கையிலிருந்த சுளகைக் கீழே வைத்தாள்.

“அவ உன்னைப் பழக்குறா புள்ள.”

எனக்குக் கோபம் வந்துவிட்டது. எனக்கு வயிற்றில் ஒரு கோளாறும் இல்லை என்று கத்திவிட்டு, பழத்தை வாயில் போட்டுக்கொண்டு வாவிக்கரைக்கு ஓடினேன்.