சீமையில் ஒரு மாப்பிள்ளை விசாரிப்பு

எங்கள் குடும்பத்தில் பெண் கொடுப்பதற்கு முன் ஜாதகம் பார்ப்பார்கள். அது பேருக்கு. உண்மையில் பார்ப்பது மாப்பிள்ளை இருக்கும் ஊரை. பெரியப்பா யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறி அந்த ஊருக்குப் போவார். டீக்கடையில் ஒரு டீ, சலூனில் ஒரு சவரம், கோயில் வாசலில் செத்த நேரம் உட்கார்ந்து எழுவது. இவ்வளவு போதும் அவருக்கு, அந்த ஊரின் வாயையே கிண்டிவிட்டு வந்துவிடுவார். என் அக்காவை வத்திராயிருப்பில் கொடுத்தபோது, மாப்பிள்ளைக்கு இட்லிக்குச் சாம்பார் ஆகாது, சட்னிதான் வேண்டும் என்பதுவரை கேட்டுக்கொண்டு வந்தார். அக்கா இன்றைக்கும் சட்னிதான் அரைக்கிறாள்.

எனக்கு வந்த வரன் ஸ்ரீவில்லிபுத்தூர். எங்கள் ராஜபாளையத்தில் பஸ் ஏறிக் கண்ணயர்வதற்குள் இறங்கும் இடம் வந்துவிடும். மாப்பிள்ளையின் வீட்டாரைப் பெரியப்பா ஒரே காலையில் விசாரித்து முடித்துவிட்டார். சிக்கல் என்னவென்றால், மாப்பிள்ளை அங்கே இல்லை. இங்கிலாந்தில், மலையடிவாரத்தில் இருக்கும் ஒரு குட்டிக் கிராமத்தில், சீஸ் செய்யும் கம்பெனியில் வேலை பார்த்தார்.

“பால்கோவா கிண்டுற ஊருல பொறந்துட்டு, நல்ல பாலைத் திரிய விடுறதுக்கு அம்புட்டுத் தூரம் போவணுமா?” என்று பெரியப்பா முதல் குறையைச் சொன்னார்.

எனக்கு மாப்பிள்ளையைப் பிடித்திருந்தது. போட்டோவைப் பார்த்து மட்டும் அல்ல. நிச்சயம் ஆகும்வரை பெண்ணும் மாப்பிள்ளையும் பேசக் கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். நாங்களோ மாதக்கணக்கில் பேசிக்கொண்டிருந்தோம். அவர் தங்கை என்னோடு கல்லூரியில் படித்தவள், நம்பர் கைமாற அது போதாதா? தினமும் சாயங்காலம் காய்ந்த துணி எடுக்க மாடிக்குப் போவேன். அங்கே அவருக்கு அப்போது மதியச் சாப்பாட்டு நேரம். “நாலு சேலையை எடுக்க ஒரு மணி நேரமா?” என்பாள் அம்மா. கொடி நீளம் என்பேன். இது தெரிந்தால் பெரியப்பா வரனையே முறித்துவிடுவார். அவர் தலையாட்டாமல் எங்கள் வீட்டில் ஓர் ஆடுகூட விலைபோனது கிடையாது.

பஸ் போகாத ஊர் என்பதற்காக விசாரிக்காமல் விட்டுவிடுவாரா? பெரியப்பா ராணுவத்தில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றவர். வரைபடம் பார்ப்பது அவருக்குக் கைவந்த கலை. அந்தக் கிராமத்தின் வரைபடத்தை ஜெராக்ஸ் கடையில் பெரிதாக அச்செடுத்து வந்து சாப்பாட்டு மேஜையில் விரித்தார். ஒரு வாரம் நாங்கள் தரையில் உட்கார்ந்துதான் சாப்பிட்டோம். அந்த ஊர்க்காரர்களே இணையத்தில் எழுதி வைத்திருந்த ஊர் வரலாற்றை நான் படித்துத் தமிழில் சொல்ல, அவர் ஒவ்வொன்றாகத் தீர்ப்புச் சொன்னார்.

ஒரு ராஜா படையோடு போகும் வழியில் அங்கே ஓர் இரவு தங்கினாராம். அதற்கு ஒரு கல் நட்டிருந்தார்கள்.

“ஒரு ராத்திரி படுத்து எந்திரிச்சதுக்குக் கல்லா? அருவியில குளிக்கப் போற நம்ம பயலுவ செண்பகத்தோப்புல படுத்து எந்திரிச்சதுக்கெல்லாம் கல்லு நட்டா நடக்க வழி இருக்காது.”

ஆற்றின் மேல் ஒரு கல்பாலம். எப்போதோ வெள்ளத்தில் அடித்துக்கொண்டு போய், திரும்பக் கட்டியது.

“மேல அணை இருக்கா பாரு. பிளவக்கல் மாதிரி ஒண்ணு கட்டாம வெள்ளத்தைக் குறை சொல்லப்படாது.”

கம்பளி நெய்யும் ஆலை ஒன்று இருந்து மூடிவிட்டார்கள் என்று படித்தபோது மட்டும் அவர் குரல் இறங்கியது. “அங்கயுமா?” என்றார். ராஜபாளையம் போன்ற மில் ஊர்க்காரருக்கு அந்த வருத்தம் தெரியும்.

பிறகு மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மலைக்கோடுகளில் விரலை ஓட்டினார். “கம்பெனி இங்க, மலைக்கு அடியில. செண்பகத்தோப்புல பாரஸ்ட் ஆபீஸைத் தாண்டினா போனு செத்துப் போவும்லா, அதே கததான் இதுவும். இந்தப் பய வேலைக்கு நடுவுல அவசரம்னா எங்கன நின்னு பேசுவான்?”

“பாலத்துக்குப் பக்கத்துல டவர் கிடைக்கும் பெரியப்பா,” என்றேன்.

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். பெரியப்பா “ம்” என்று மட்டும் சொல்லிவிட்டு வரைபடத்தில் பாலத்தைப் பென்சிலால் வட்டமிட்டார்.

“சரி, டீக்கடை எங்க?”

“டீக்கடை இல்லை.”

“சலூன்?”

“அதுவும் இல்லை. தபாலாபீசும் மூடியாச்சு.”

“பின்ன எங்கனதான் உக்காந்து ஊர்வம்பு பேசுவாவ?”

பாலத்தை ஒட்டி ஒரு மதுக்கடை இருப்பதை வேறு வழியில்லாமல் சொன்னேன். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அம்மா கத்தியைக் கீழே வைத்துவிட்டாள். பெரியப்பாவுக்கோ முகமெல்லாம் சிரிப்பு.

“அப்ப அதுதான் டீக்கடை. போன் நம்பர் போட்டிருக்கானா பாரு.”

போட்டிருந்தார்கள். மறுநாள் சாயங்காலம், சரியாக நான் துணி எடுக்கப் போகும் நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால், நடுக்கூடத்தில் என் போனையே ஸ்பீக்கரில் போடச் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். “அவிய பேசுற வேகம் நமக்கு ஒத்துவராது. நீ கேட்டுச் சொல்லு,” என்றார். ‘இன்றைக்குக் கடைப்பக்கம் போக வேண்டாம்’ என்று மாப்பிள்ளைக்குத் திருட்டுத்தனமாகச் செய்தி அனுப்பினேன். அது போய்ச் சேரவில்லை. மலையடியில் எப்படிச் சேரும்?

எடுத்தவர் கடைக்காரம்மா. இந்தியாவிலிருந்து ஒருவர் ஊரைப் பற்றி விசாரிக்கிறார் என்றதும் அவருக்குக் கால் தரையில் பாவவில்லை. ராஜா படுத்தது அவர் கடை மாடியில்தானாம். அதைக் கேட்டு முடித்து, ஒரு வழியாக மாப்பிள்ளை பேச்சுக்கு வந்தோம்.

“அந்தப் பையனா? தினமும் வருவானே! ஜன்னலோரம்தான் அவன் இடம்,” என்றார் அந்த அம்மா.

“எப்பவாவது அந்தப் பக்கம் போவாராம்,” என்றேன்.

“ஒரு ஆரஞ்சு ஜூஸை வைத்துக்கொண்டு சாப்பாட்டு நேரம் முழுக்கப் போனில் சிரித்துக்கொண்டிருப்பான். காதலியாகத்தான் இருக்க வேண்டும். முகமே சொல்கிறதே.”

“குடிப்பழக்கமே இல்லையாம். ஜூஸ்தானாம். எப்பவும் சிரிச்ச முகமாம்.”

அம்மா ஆண்டாளைக் கும்பிட்டாள். “வேற?” என்றார் பெரியப்பா.

“ஊருல எல்லாருக்கும் நல்ல பிள்ளையாம்.”

ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் செய்யலாம் என்பார்கள். எனக்கு இன்னும் ஏகப்பட்டது பாக்கி இருந்தது. அதற்குள் அந்த அம்மா கூவினார்: “இதோ வந்துவிட்டானே! ஐயோ, தொப்பலாக நனைந்திருக்கிறாய். உனக்குத்தான் இந்தியாவிலிருந்து போன்!”

எனக்கு மொழிபெயர்க்கப் பொய்யும் வரவில்லை, மெய்யும் வரவில்லை. பெரியப்பா கை நீட்டிப் போனை என்னிடமிருந்து வாங்கினார். பிறகு, அணிவகுப்பில் கட்டளையிடுவது போல, வார்த்தை வார்த்தையாக, தெளிவான இங்கிலீஷில் கேட்டார்.

“மேடம், அங்கே மழையா?”

“கொட்டுகிறது.”

“கம்பெனியிலிருந்து நடந்தா வருகிறான்?”

“நடந்துதான். சரிவெல்லாம் இறங்கி, பாலத்தைத் தாண்டி வர வேண்டும். குளிர்காலத்தில் பனி முழங்கால்வரை கிடந்தபோதும் வந்தான். ஒரு நாள் தவறியதில்லை.”

“பனியிலுமா?” என்றார் பெரியப்பா.

பனியை அவருக்குத் தெரியும். வடக்கே எல்லையில் அதில் நின்றவர். எனக்குத் தெரியாது. மாடியில் நான் வேர்வையைத் துடைத்துக்கொண்டு பேசிய ஒரு நாளும் மாப்பிள்ளை அதைச் சொன்னதில்லை. நடுக்கூடத்தில் நின்றுகொண்டே அழுதுவிட்டேன்.

“பையனிடம் கொடுக்கட்டுமா?” என்று கேட்டார் கடைக்காரம்மா.

“வேண்டாம் மேடம். நிச்சயம் ஆகும்வரை பேசக் கூடாது. அது எங்கள் வீட்டுச் சட்டம்.” நன்றி சொல்லி வைத்துவிட்டார்.

பெரியப்பா வரைபடத்தை நிதானமாக மடித்தார். அம்மாவைப் பார்த்து, “வாற வெள்ளிக்கிழமை வில்லிபுத்தூருக்குத் தாம்பூலம் மாத்தப் போவோம்,” என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“ஏட்டி, மாடியில துணி காயுதுல்லா, போயி எடு.”

“அதெல்லாம் மத்தியானமே எடுத்தாச்சே,” என்றாள் ஒன்றும் புரியாத அம்மா.

“நீ சும்மா கிட,” என்று அவளை அடக்கிவிட்டுப் போனை என் கையில் வைத்தார். “போ, ஏட்டி. கொடி நீளம், செத்த நேரம் ஆவும்.”