நனைந்தவர் எல்லாம் வாடிக்கையாளர் அல்ல

குற்றாலத்தில் சாரல் காலத்தில் ஆளை அடையாளம் காண முடியாது. பண்ணையாரும் பாத்திரம் தேய்ப்பவரும் ஒரே மாதிரி இடுப்பில் ஈரத் துண்டோடு, உடம்பெல்லாம் எண்ணெய் வழிய வந்து நிற்பார்கள். அறுபதுகளில் அங்கே ஒரு லாட்ஜில் சாவி கொடுக்கும் வேலை எனக்கு. எவன் நனைந்து வந்து நம்பரைச் சொன்னாலும் சாவியைத் தூக்கிக் கொடுத்துவிடுவோம். நனைந்தவன் வாடிக்கையாளன், அவ்வளவுதான் எங்கள் அறிவு.

பழைய மேனேஜர் இதற்காகத் தினமும் கத்துவார், சம்பளத்தில் பிடிப்பார். அதனால் சாவி தொலைந்தால்கூட அவரிடம் சொல்லாமல் மறைக்கப் பழகினோம். வேறொன்றும் பழகவில்லை.

அடுத்து வந்தவர் தென்காசியில் ஒரு நகைக்கடையில் இருந்தவர். கத்தவில்லை. அறை எடுப்பவரின் பெட்டி என்ன நிறம் என்று பார்த்து, சாவிப் பலகையின் உட்பக்கம் சாக்கட்டியால் எழுதச் சொன்னார். நிறத்தைச் சொன்னால்தான் சாவி. அவரும் தன் அறைச் சாவிக்கு என் முன்னால் நின்று "பச்சை டிரங்குப் பெட்டி" என்று சொல்லித்தான் வாங்குவார். எனக்குச் சிரிப்பு வரும். அவருக்கு வராது.

பிறகு ஒரு வேலை செய்தார். காலி அறை ஒன்றில் ஒரு கூடை மங்குஸ்தான் பழத்தை வைத்துப் பூட்டினார். அன்று மாலைவரை ஏமாறாமல் இருந்தால் பழம் எங்களுக்கு. மத்தியானம் ஈரத் துண்டோடு ஒருவர் வந்தார், நம்பர் சொன்னார், பழக்க தோஷத்தில் நிறம் கேட்காமல் கொடுத்தேன். கொஞ்ச நேரத்தில் வாயைத் துடைத்துக்கொண்டு இறங்கினார். எதிர் டீக்கடைக்காரர், மேனேஜர் சொல்லி அனுப்பிய ஆள்.

"உம்ம பங்கு ரொம்ப இனிப்பு வே" என்றார்.

மேனேஜர் ஒரு வார்த்தை திட்டவில்லை. சமையற்கட்டில் இருந்தவர்கள்தான் என்னைத் தின்றார்கள். அதற்குப் பிறகு நனைந்து வந்த ஒவ்வொருவரையும் நான் திருடனாகவே பார்த்தேன்.

அப்படித்தான் ராயகிரி நிலக்காரர் என்னிடம் மாட்டினார். காலையில் அவர் வந்தபோது நான் இல்லை. மத்தியானம் அருவியிலிருந்து நடுங்கிக்கொண்டு வந்தார்.

"ஏலே, மூணாம் நம்பர் சாவியக் குடுலே."

"பெட்டி என்ன கலரு, அண்ணாச்சி?"

"பெட்டிய நானாலே தூக்குதேன்? எல்லாம் அவ எடுத்து வைக்கா."

"கலர் தெரியாதவருக்குச் சாவி கிடையாது."

"நான் யாருன்னு ராயகிரில போய்க் கேளுலே."

"ராயகிரி வரைக்கும் போயிட்டு வர எனக்கு நேரம் இல்ல. நீங்க அங்கன உக்காருங்க."

சொன்ன பிறகுதான் யோசித்தேன். இந்த வாயால் இரண்டு வேலை ஏற்கெனவே போயிருந்தது. கல்யாணமாகி நாலு மாதம். இதுவும் போனால் அச்சன்புதூரில் மாமனார் வீட்டு வாசலில்தான் போய் நிற்க வேண்டும்.

அவர் போட்ட சத்தத்தில் மேனேஜர் ஓடிவந்தார். காலையில் அவரை வரவேற்றதே இவர்தான். "இவன இப்பவே வெளிய அனுப்பும்" என்றார் நிலக்காரர். மேனேஜர் தன் தோளில் கிடந்த துண்டை எடுத்து அவருக்குப் போர்த்தினார்.

"அண்ணாச்சி, உங்க வீட்டம்மா சங்கிலியக் கழத்தி அந்த ரூம்லதான வச்சிருக்காங்க? உங்களுக்கே குடுக்காதவன் வேற எவனுக்குக் குடுப்பான்?"

அவர் பதில் சொல்வதற்குள் அவர் வீட்டம்மா அருவியில் பெண்கள் பகுதியில் குளித்துவிட்டு ஈரச் சேலையோடு வந்துவிட்டார். அவரிடமும் கேட்டேன். கேட்காமல் எப்படிக் கொடுப்பது?

"தவிட்டுக் கலரு. கைப்பிடி அறுந்து கயிறு கட்டிக் கெடக்கு. தைச்சுக் குடுங்கன்னு எத்தன தடவ சொல்லுதேன், இவுகளுக்குக் காது கேட்டாத்தான?"

நிலக்காரர் சுவரைப் பார்த்தார். நான் சாவியைக் கொடுத்தேன்.

மேனேஜர் அன்று மாலை எல்லோரையும் கூப்பிட்டார். வேலை போச்சு என்றுதான் போய் நின்றேன். ஒரு கூடை மங்குஸ்தானை என் முன்னால் வைத்தார்.

"செஞ்சது சரி. பேசுனது மோசம். பழத்த எல்லாரும் தின்னுங்க. நாளைக்கு இவனுக்கு யாராவது பேசச் சொல்லிக் குடுங்க."

பேச்சு இன்றுவரை வரவில்லை. வேலை மட்டும் தங்கியது.

அடுத்த சாரலில் நிலக்காரர் மறுபடி வந்தார். குளித்துவிட்டு நடுங்கிக்கொண்டு என் எதிரே நின்றார். நான் வாயைத் திறப்பதற்கு முன்பே, கடன்காரனைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்துச் சொன்னார்:

"தவிட்டுக் கலரு. கைப்பிடி தைச்சாச்சு. சாவியக் குடுலே."