கடலுக்குப் போகாத இருபது வருடம்

குருநகர் சிமியோனுக்கு வீட்டில் சேர்ந்தாற்போல் ஐந்து நிமிடம் இருப்புக் கொள்ளாது. கதிரையில் அமர்வார், பேப்பரை விரிப்பார், ஏதோ நினைவு வந்தவர் போல எழுந்து கிணற்றடிக்குப் போவார், போன காரியம் என்னவென்று தெரியாமல் திரும்பி வருவார். குட்டி போட்ட பூனைகூடக் கொஞ்ச நேரம் படுத்திருக்கும், இந்த மனிதர் அதுவும் இல்லையென்று மனைவி பெர்னடெட் அடுத்த வீட்டுக்காரியிடம் அலுத்துக்கொண்டாள்.

அவர் அலையாமல் வேறு என்ன செய்வார்? கொழும்பில் ஓர் அரசாங்கக் கந்தோரில் இருபது வருடம் இருந்து, பிரதம கிளாக்கராகி, மண்டபம் நிறையக் கிளாக்கர்மாரை வேலை வாங்கியவர். சிங்களப் பரீட்சை பாஸ் பண்ணினால்தான் இனி உத்தியோகம் என்று உத்தரவு வந்தது. சந்தையில் சிங்களத்திலேயே பேரம் பேசி வெல்லக்கூடிய ஆள்தான் சிமியோன். ஆனாலும் பரீட்சை மேசையில் போய்க் குந்தமாட்டேன் என்று சொல்லிவிட்டார். அறுபத்து நாலாம் ஆண்டு, தலை நரைக்கும் முன்னமே, பென்சனோடு ரயிலேறினார். யாழ்ப்பாணம் ஸ்டேசனில் மாலை போட்டார்கள். அந்த மாலை மறுநாளே வாடிப்போயிற்று. பென்சனும் மாதத்தின் பாதியிலேயே மூச்சு வாங்கியது. மகள் அற்புதராணி படித்து முடிக்க இன்னும் சில வருடம் கிடந்தது.

யாழ்ப்பாணத்தில் வேலை இல்லாமல் இல்லை. சிமியோன் விண்ணப்பம் எழுதினார். கந்தோர்க் கையெழுத்தில், தான் வகித்த பதவி, நடத்திய பிரிவு, பெரிய துரைமார் கொடுத்த நற்சான்று எல்லாவற்றையும் பூல்ஸ்காப் தாளில் வரிசையாக அடுக்கி அனுப்பினார். கூப்பிட்டார்கள். போன இடமெல்லாம் முகாமையாளர் எழுந்து நின்று, மரியாதையாகச் சேர் என்று கூப்பிட்டு, பூப்போட்ட நல்ல கோப்பையில் தேத்தண்ணி கொடுத்து, உங்களைப் போன்ற ஒருவரை நாங்கள் எப்படி வேலை வாங்குவது என்று மனம் வருந்தி, வாசல்வரை வந்து வழியனுப்பிவைத்தார். நாலாம் இடத்திலும் இதே உபசாரம் நடந்த பிறகு சிமியோனுக்கு விஷயம் பிடிபட்டது. நல்ல கோப்பை வந்தால் வேலை இல்லை.

அன்று வீட்டுக்கு வந்தவர் சட்டையைக்கூடக் கழற்றாமல் மேசையில் அமர்ந்து விண்ணப்பத்திலிருந்து தன்னையே வெட்டத் தொடங்கினார். முதலில் பிரதம கிளாக்கர் போயிற்று. பிறகு துரைமாரின் நற்சான்று. அதன் பிறகு கந்தோரே போயிற்று, ஏனென்றால் அரசாங்கக் கந்தோர் என்ற சொல்லைக் கண்டாலே கோப்பையை எடுக்க ஓடுகிறார்கள். கடைசியில் மிஞ்சியது பிறந்த திகதியும் பள்ளிக்கூடச் சோதனையும்தான். நடுவில் இருபது வருடம் வெறுமையாகக் கிடந்தது.

அந்த வெறுமை அவரை வாட்டி எடுத்தது. வருடத்தில் ஓட்டை இருந்தால் ஆளில் ஓட்டை இருக்கும் என்று சொல்லி, இப்படிப்பட்ட விண்ணப்பங்களைத் தன் கையாலேயே குப்பைக்கூடையில் போட்டவர் அவர். அந்த ஓட்டையை எதையாவது போட்டு அடைத்தே ஆகவேண்டும். கிணற்றடிக்கும் வாசல் படலைக்கும் நடந்து நடந்து யோசித்தும் ஒன்றும் தோன்றவில்லை. அரிசி கழுவிக்கொண்டிருந்த பெர்னடெட்தான் தலை நிமிராமல் வழி சொன்னாள்.

"கடற்றொழில் எண்டு எழுதுங்கோ. உங்கடை அப்பு செய்யிற தொழில்தானே. என்ன, வெக்கமோ?"

வெட்கமில்லை, பயம். சிமியோனின் தகப்பன் யாகோப்பு இன்றைக்கும் விடியப்புறம் வள்ளம் தள்ளுகிறவர். தன் ஒரே மகன் கடலுக்கு வரக்கூடாது என்று வைராக்கியமாக நின்றவர். ஏழு வயதில் ஒருநாள் சிமியோன் ஆசையில் வள்ளத்துக்குள் ஏறிக் குந்தியதற்கு, வாழ்நாளில் ஒரே ஒரு முறை அடித்தார். அந்த அடியோடு பள்ளிக்கூடம், பிறகு கொழும்பு. மகன் கொழும்புக் கந்தோரிலை பெரிய கிளாக்கர் என்று கிழவர் சொல்லாத கலியாணவீடு குருநகரில் இல்லை, செத்தவீடும் இல்லை. மகன் பென்சனில் வந்து நாளாகியும், ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயில் வாசலில் நின்று அதே கதையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். கேட்கிறவர்களும் புதிதாகக் கேட்பது போலத் தலையாட்டினார்கள்.

ஆயிரம் பொய் சொல்லி ஒரு கலியாணம் செய்யலாம் என்பார்கள். ஒரு வேலைக்கு எத்தனை பொய் சொல்லலாம் என்று யாரும் சொல்லி வைக்கவில்லை. சிமியோன் ஒன்றே ஒன்று சொன்னார். தகப்பனோடு இருபது வருடம் கடற்றொழில் என்று எழுதி, மானிப்பாயில் சீமெந்தும் கயிறும் வலைநூலும் விற்கும் கனகலிங்கம் முதலாளியின் கடைக்கு அனுப்பினார். கரையோரச் சனம்தான் அங்கே பாதி வாடிக்கை, அவர்களைத் தெரிந்த ஒருவன் கணக்கெழுத வேண்டும் என்று முதலாளி தேடிக்கொண்டிருந்தார். ஒரு கிழமைக்குள் வரச் சொல்லி ஆள் அனுப்பினார்.

மானிப்பாயில் அவரைக் கதிரையில் இருக்கச் சொல்லவில்லை. தேத்தண்ணியும் வரவில்லை. சிமியோன் உள்ளூரப் பூரித்துப்போனார். முதலாளி ஒரு நீளக் கணக்கை நீட்டிக் கூட்டச் சொன்னார். பார்த்த மாத்திரத்தில் விடை தெரிந்துவிட்டது, ஆனாலும் விரலை மடக்கி, உதட்டை அசைத்து, நேரம் எடுத்துச் சொன்னார். முதலாளிக்குத் திருப்தி. கணக்குச் சீட்டைத் திருப்பி வாங்கும்போது மட்டும் சிமியோனின் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார்.

"கடலைக் கண்ட கையாத் தெரியேல்லையே. சரி, ஞாயிறு நான் உந்தப் பக்கம் வாறன். உம்மடை ஐயாவைக் கண்டு ஒரு கதை கேட்டுப்போட்டு முடிவு சொல்லுறன்."

பெண் எடுப்பதானாலும் ஆள் எடுப்பதானாலும் ஊருக்குள் வந்து விசாரிக்காமல் யாழ்ப்பாணத்தில் காரியம் நடக்காது. கந்தோருக்கு ஆட்களைச் சேர்த்த சிமியோன் இதை மறந்துபோனார். கொழும்பில் தாளைப் பார்த்தால் போதும். இங்கே தாளுக்குப் பின்னால் தகப்பன் இருக்கிறான்.

வெள்ளியும் சனியும் அவர் கால் ஓரிடத்தில் தரிக்கவில்லை. தகப்பனிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவதென்று கரையோரத்து வீட்டுக்குப் போவார். கிழவர் முற்றத்தில் மீன் வெட்டிக்கொண்டு, என்ன மோனை என்று நிமிர்ந்து பார்ப்பார். அந்த முகத்தைக் கண்டதும் சும்மா வந்தனான் என்று சொல்லித் திரும்புவார், பாதி வழியில் நின்று யோசித்து மறுபடி போவார், மறுபடியும் சும்மா வந்ததாகவே சொல்வார். என்ன இது, கால் நோகாதோ என்று கடைசியில் கிழவரே கேட்டார். வேலை போனாலும் பரவாயில்லை, கிழவரின் வாயில் இருந்து அந்தக் கொழும்புக் கதையைப் பிடுங்கக்கூடாது என்று ஒரு மனம் சொன்னது. மகளின் படிப்பு என்று மற்ற மனம் சொன்னது. இரவு முழுக்கப் பாயில் புரண்டார்.

ஞாயிறு பூசை முடிந்ததும் சொல்லிவிடுவது என்று முடிவெடுத்துக்கொண்டு கோயிலை விட்டு வெளியே வந்தால், வாசலிலேயே மொறிஸ் மைனர் கார் நிற்கிறது. முதலாளி இறங்கி, யாகோப்பு எண்டது ஆர் என்று கேட்டுவிட்டார். கிழவர் தன் கூட்டாளிகள் நடுவில் சால்வையோடு நின்றார். அந்தக் கூட்டாளிகள் அத்தனை பேரும் கொழும்புக் கதையை வருடக்கணக்கில் கேட்டுத் தலையாட்டியவர்கள். சிமியோன் சனத்தை விலக்கிக்கொண்டு ஓடிப்போய்ச் சேர்ந்தபோது கேள்வி விழுந்தாயிற்று.

"உம்மடை மகன் சிமியோன் உம்மோடை கடலுக்கு வந்தவரோ? இருபது வருசம் எண்டு எழுதியிருக்கிறார்."

கிழவர் முதலாளியைப் பார்த்தார். பிறகு மகனைப் பார்த்தார். மகன் தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஓம்," என்றார் யாகோப்பு. "என்னோடைதான் வந்தவன்."

"கை மெத்தெண்டு கிடக்கு?"

"கையைக் கெடுக்க நான் விடேல்லை. வலை இழுக்கிறது நான், கணக்குப் பாக்கிறது அவன்."

கூட்டாளி அடைக்கலநாதன் இருமிவிட்டு, ஆள் நல்ல நீச்சல்காரன் என்று தன் பங்குக்குச் சேர்த்துக்கொண்டார். சிமியோன் முழங்காலளவுத் தண்ணியில்கூட இறங்காதவர். மற்றவர்கள் கோயில் கோபுரத்தைப் பார்த்தார்கள்.

முதலாளி தலையாட்டினார். ஆனாலும் ஏதோ அவருக்கு உறுத்தியது. "ஆள் கதைக்கிறதைப் பாத்தால் கொழும்பிலை இருந்த ஆள் மாதிரிக் கிடக்கு."

கிழவர் சால்வையை எடுத்து முகத்தைத் துடைத்தார். துடைத்து முடிக்கக் கனநேரம் சென்றது.

"கொழும்போ?" என்றார். "அவன் கொழும்பைக் கண்ணாலையும் கண்டதில்லை."

திங்கள் விட்டுச் செவ்வாய்க்கிழமை வேலைக்கு வரட்டும் என்று சொல்லிவிட்டு முதலாளி காரில் ஏறினார். கூட்டாளிகள் ஒவ்வொருவராகக் கழன்றார்கள். எந்த ஞாயிறும் மகன் வீட்டில் சாப்பிடுகிற யாகோப்பு அன்றைக்குச் சோத்துக்கு வரவில்லை. வேலை கிடைத்த சிமியோனுக்கும் சோறு இறங்கவில்லை. என் தகப்பனை ஊர் நடுவில் நிறுத்தி உரித்துவிட்டேன் என்று பெர்னடெட்டிடம் சொல்லி அழுதார். அவள் கிழவருக்கு ஒரு சட்டியில் கறி எடுத்துவைத்தாள்.

அதைக் கொண்டுபோக ஆள் புறப்படுமுன் கிழவரே படலைக்கு வந்துவிட்டார். உள்ளே வரவில்லை.

"நான் பூசையிலை நன்மை வாங்கிப்போட்டு வந்த வாயாலை பொய் சொன்னனான்," என்றார். "கோயில் சுவாமியிட்டைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்யவேணும். முழுப் பொய்யைக் கொண்டுபோக எனக்கு ஏலாது. நாளைக்கு விடிய வள்ளத்துக்கு வா. ஒரு நாளெண்டாலும் வந்தாயெண்டால் அவ்வளவுக்குப் பொய் குறையும்."

சிமியோன் கறிச் சட்டியைக் கொண்டுவந்து கிழவரின் கையில் கொடுத்தார்.

விடிகிற நேரம் காற்சட்டையை முழங்காலுக்கு மடித்துக்கொண்டு கரையில் நின்றார். வள்ளத்தில் கால் வைக்கும்போது முதுகு தானாகக் கூசியது, ஏழு வயது அடி அவ்வளவு பத்திரமாக அங்கே இருந்தது. கிழவர் கோல் ஊன்றித் தள்ளினார். பரவைக்கடல் ஆழமில்லாத கடல், பெரிய அலையும் கிடையாது. ஆனாலும் கரை சிறுத்ததும் சிமியோனுக்கு வயிற்றைக் குமட்டியது. எழுந்து கிணற்றடிக்குப் போக அங்கே இடமில்லை. விளிம்பைப் பிடித்துக்கொண்டு முந்தின நாள் உண்ணாத சோற்றுக்கும் சேர்த்துச் சத்தி எடுத்தார். இருபது வருடத் தொழிற்காரன் என்று கிழவர் சொல்லிச் சிரித்தார். நேற்றிலிருந்து அப்போதுதான் சிரித்தார். அந்தச் சிரிப்பில் சிமியோனுக்குக் கொஞ்சம் உயிர் வந்தது.

"என்னை மன்னியுங்கோ அப்பு," என்றார். "ஊர் முழுக்கச் சொல்லித் திரிஞ்ச கதையை உங்கடை வாயாலையே இல்லையெண்டு சொல்ல வைச்சிட்டன்."

கிழவர் வலை போட்ட இடத்தைத் தேடிப் போனார். மிதப்பைப் பிடித்து வள்ளத்தை நிறுத்தினார்.

"அண்டைக்கு உன்னை அடிச்சுப்போட்டுத் தனியத்தான் தள்ளிக்கொண்டு வந்தனான்," என்றார். "இவ்விடத்துக்கு வருமட்டும் கரையைத் திரும்பித் திரும்பிப் பாத்தன். நீ கந்தோருக்குப் போனது எனக்குப் பெருமைதான், அது பொய்யில்லை. ஆனால் இவன் பக்கத்திலை இருந்தால் நல்லாயிருக்கும் எண்டு நான் ஒருநாளும் நினைக்கேல்லை எண்டு சொன்னால், அதையும் சுவாமியிட்டைத்தான் கொண்டுபோகவேணும்."

சிமியோன் வாயைத் துடைத்துக்கொண்டு முன்னுக்கு நகர்ந்து வலையின் மற்றப் பக்கத்தைப் பிடித்தார். எப்படி இழுப்பதென்று தெரியவில்லை. கிழவர் சொல்லவுமில்லை. தன் பக்கத்தை மட்டும், மகனின் கைக்கு ஏற்றபடி, மெல்ல மெல்ல இழுத்தார்.