நாலு விரல் மடிப்பு

என் அண்ணனை எங்கள் பகுதிப் பிள்ளைகள் ஒருவரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. 'அசையாதே மாமா' என்பார்கள். அண்ணன் பள்ளிச் சீருடை தைப்பவன். அளவு கொடுக்க வந்து நிற்கும் பிள்ளையிடம் அவன் சொல்லும் முதல் வார்த்தை அதுதான், நடுவில் சொல்வதும் அதுதான். அளவு முடிந்து பிள்ளை விட்டால் போதும் என்று தெருவில் இறங்கி ஓடும்போதுகூட, பழக்க தோஷத்தில் ஒரு தடவை சொல்லி வைப்பான். பெற்றவர்கள் சிரிப்பார்கள். அவன் சிரிக்க மாட்டான். தொழில் என்று வந்துவிட்டால் அவனுக்குச் சிரிப்பு ஆகாது.

கடை என்பது மருந்துக் கடைக்கும் பேப்பர் கடைக்கும் நடுவில் சொருகி வைத்தது போன்ற ஓர் அறை. தையல் இயந்திரம் உள்சுவரைப் பார்த்துப் போட்டிருக்கும். விளக்கு அங்கேதான் இருக்கிறது என்பான். ஆகவே முப்பது வருடமாகத் தெருவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். தெருக்கோடியில் பூங்கா. அங்கே சாயங்காலம் பிள்ளைகள் போடும் சத்தம் கடைவரைக்கும் கேட்கும். அவனுக்குச் சாயங்காலம்தான் வேலை அதிகம், பூங்காவுக்குள் காலெடுத்து வைத்ததே கிடையாது.

அவனுக்கு ஒரு கொள்கை உண்டு. வளர்கிற பிள்ளைக்குச் சரியான அளவில் தைப்பது பாவம். பேன்ட் என்றால் கீழே நாலு விரல் மடிப்பு வைத்துத்தான் தைப்பான். பிள்ளை வளர வளர மடிப்பைப் பிரித்து இறக்கிக்கொள்ளலாம். வருடத் தொடக்கத்தில் எங்கள் பகுதிப் பள்ளிக்கூடத்தைப் பார்த்தால், பிள்ளைகள் தங்களைவிடப் பெரியவர்களின் உடுப்பைத் திருடிப் போட்டுக்கொண்டு வந்த மாதிரி இருக்கும். நான் கேலி செய்தால், "சிரி, சிரி. வருஷக் கடைசியில வந்து பாரு" என்பான்.

நான் நகராட்சியில் பூங்காப் பிரிவில் வேலை செய்கிறேன். எந்தப் பூங்காவில் என்ன விளையாட்டுச் சாதனம், எங்கே, எவ்வளவு உயரத்தில் என்று திட்டம் போட்டு வரைவது என் வேலை. "ஊஞ்சல் மாட்டறதுக்கெல்லாமா படிச்சாங்க?" என்று கேட்காத சொந்தக்காரர் இல்லை. ஊஞ்சலுக்கு முன்னால் எவ்வளவு இடம் விடவேண்டும், சறுக்குமரம் மத்தியான வெயிலைப் பார்த்து நின்றால் எந்தப் பிள்ளையின் எந்த இடம் வேகும் என்றெல்லாம் விளக்கப் போவேன். பாதியிலேயே அவர்கள் வேறு பேச்சுக்குப் போய்விடுவார்கள். போகட்டும்.

எங்கள் தெருக்கோடிப் பூங்காவுக்குப் புதுச் சாதனங்கள் போடலாம் என்று முடிவானபோது, வரைபலகையைத் தொடுவதற்கு முன்னால் நான் அங்கே போய் பெஞ்சில் உட்கார்ந்தேன். பல சாயங்காலங்கள் உட்கார்ந்தேன். ஒன்று தெரிந்தது. சறுக்குமரத்தில் ஏணி வழியாக ஏறி ஒழுங்காகச் சறுக்கும் பிள்ளை பத்தில் ஒன்றுகூட இல்லை. எல்லாம் சறுக்குகிற பக்கமாகத்தான் ஏறுகின்றன. அம்மாக்கள் கத்தக் கத்த ஏறுகின்றன. இந்தப் பிள்ளைகளுக்கு வேண்டியது சறுக்கு இல்லை, ஏற்றம் என்று எனக்குப் பட்டது.

அப்படி வரைந்ததுதான் அந்த ஏறுகோபுரம். ஏணி கிடையாது. அகலமான மரத்தட்டுகள் ஒன்றுக்குப் பின்னால் ஒன்றாக உயர்ந்துகொண்டே போகும், ராட்சதன் வீட்டுப் படிக்கட்டு மாதிரி. ஒவ்வொரு தட்டும் எட்டு வயதுப் பிள்ளையின் இடுப்பு உயரம். இரண்டு கையையும் ஊன்றி, ஒரு எம்பு எம்பி, முட்டியைப் போட்டு ஏறவேண்டும். தவறினால் கீழ்த்தட்டில்தான் விழமுடியும், தரையில் விழுந்தாலும் மெத்தென்று மணல். உச்சியில் சுற்றிக் கம்பி போட்ட ஒரு மேடை. அங்கிருந்து பின்பக்கமாக நீளச் சறுக்கு.

எங்கள் பிரிவுத் தலைவர் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் மனதில் வேறொன்று இருந்தது. பிளாஸ்டிக் யானை. தும்பிக்கை வழியாகச் சறுக்கலாம். விலைப்பட்டியலில் பார்த்து ஆசைப்பட்டு வைத்திருந்தார்.

"இதுல ஏறுவாங்களாம்மா?"

"ஏறுவாங்க சார்."

"சரி, போடுங்க. மாசக் கடைசி வரைக்கும் பாப்போம். பிள்ளைங்க ஏறலைன்னா பிரிச்சுட்டு யானையை வெச்சுடுவேன். அப்புறம் எங்கிட்ட சண்டைக்கு வரக்கூடாது."

வரமாட்டேன் என்று தலையாட்டினேன். என் மொத்த உத்தியோகத்தில் ஒரு சாதனத்தின் மேல் நான் இப்படி ஆசை வைத்ததில்லை.

இடுப்பு உயரத்துக்கு அளவு வேண்டுமே. எங்கள் கையேட்டில் ஒரு அட்டவணை உண்டு. எந்தக் காலத்தில் எந்தப் பிள்ளைகளை அளந்தார்களோ. வீட்டிலேயே அளவுக் களஞ்சியம் இருக்கும்போது அட்டவணை எதற்கு என்று அண்ணன் கடைக்குப் போனேன்.

"அண்ணா, எட்டு வயசுப் பிள்ளைக்குத் தரையிலேர்ந்து இடுப்பு எவ்வளவு இருக்கும்?"

இயந்திரத்தை நிறுத்தாமல், தலையைத் தூக்காமல், ஒரு எண்ணைச் சொன்னான். அண்ணி பொத்தான் தைத்துக்கொண்டே, "தூக்கத்துல கேட்டாலும் சொல்வார்" என்றாள். அண்ணன் சொன்ன அளவைச் சரிபார்க்கிற அளவுக்கு எங்கள் குடும்பத்தில் யாருக்கும் தைரியம் கிடையாது. அப்படியே வரைந்தேன், அப்படியே செய்து நிறுத்தினார்கள்.

திறந்த அன்று பள்ளிவிட்ட கையோடு பிள்ளைகள் ஓடிவந்தன. ஓடி வந்த வேகத்தில் முதல் தட்டில் மோதி நின்றன. இடுப்புக்கு வரவேண்டிய விளிம்பு விலா எலும்புக்கு வந்தது. கையை ஊன்றினால் தோள் மேலே போய்விடுகிறது, எம்ப முடியவில்லை. பெரிய வகுப்புப் பிள்ளைகள் சிலர் ஏறினார்கள். மற்றதெல்லாம் தொங்கியது, காலை உதைத்தது, வழுக்கி இறங்கியது, ஊஞ்சல் பக்கம் போய்விட்டது.

டேப்பைப் போட்டுப் பார்த்தேன். படத்தில் உள்ளபடிதான் இருந்தது. நேரே அண்ணன் கடைக்குப் போனேன். தைத்துத் தொங்கவிட்டிருந்த ஒரு பேன்ட்டை எடுத்து மேசைமேல் நீட்டிப் போட்டேன். கீழ்முனையைப் புரட்டினேன்.

"அண்ணா, நீ சொன்ன அளவுல இந்த மடிப்பும் சேர்த்தியா?"

"சேர்க்காம? அளவுன்னாலே மடிப்போடதானே."

"நான் பிள்ளையோட இடுப்பைக் கேட்டேன், பேன்ட்டை இல்ல."

இயந்திரம் நின்றது. அண்ணி கையில் ஊசி அப்படியே நின்றது. அண்ணன் திரும்பி உட்கார்ந்து என்னைப் பார்த்தான். முப்பது வருடத்தில் ஒரு உடுப்புக்கூடத் திரும்பி வந்ததில்லை என்று மார்தட்டுகிறவன், முகம் செத்துப்போய், "எவ்வளவு அதிகமாயிருக்கு?" என்றான்.

"நாலு விரல். ஒவ்வொரு தட்டுலயும்."

"கீழ ஒரு பலகையைப் போட்டுக் குடுத்துடலாமே?"

"போட்டா நடக்கத் தெரியாததுகூட ஏறிடும். முதல் தட்டு உயரமா இருக்கறதே குட்டிப் பிள்ளைங்க ஏறக்கூடாதுன்னுதான். குறைக்கணும்னா மொத்தத்தையும் பிரிக்கணும். பிரிச்சா யானைதான் வரும்."

கோபத்தில் இன்னும் ஏதேதோ சொன்னேன். மறுநாள் சாயங்காலம் அண்ணன், அத்தனை வேலையையும் போட்டுவிட்டு, டேப்பைக் கழுத்திலிருந்து கழற்றக்கூட மறந்து, பூங்காவுக்கு வந்தான்.

தன் தப்பைப் பார்க்கத்தான் வந்தான். ஆனால் கோபுரத்துக்குப் போகவே இல்லை. வாசலைத் தாண்டியதும் நின்றுவிட்டான். எதிரே பிள்ளைகள் ஓடின. குதித்தன, தொங்கின, மணலில் புரண்டன, ஒன்றையொன்று துரத்தின. எல்லாம் அவன் தைத்த சீருடை. வாயில் ஈ புகுந்தாலும் தெரியாத மாதிரி நின்றான்.

"இதுங்க இப்படியா இருக்கும்?" என்றான்.

"எப்படி?"

"அதோ, தலைகீழாத் தொங்குதே, அது கை நீளம் எனக்குத் தெரியும். அந்தக் கையால இப்படித் தொங்க முடியும்னு தெரியாது." கொஞ்ச நேரம் கழித்து, "இத்தனை வருஷமா ஒண்ணையும் நான் அசைய விட்டதே இல்லையே" என்றான். கண் கலங்கியிருந்தது. நாள் தவறாமல் அந்த பெஞ்சில் உட்கார்ந்து வரைந்த எனக்கும் அன்றைக்குத்தான் அவன் கண்ணால் அதைப் பார்க்கக் கிடைத்தது. உண்மையாகவே பிரமிப்பாகத்தான் இருந்தது. யாரும் சொல்லித் தராமல் ஒரு சின்ன உடம்பு இத்தனை விதமாக வளைகிறது!

அதன்பிறகு தினமும் வந்தான். பள்ளி விடும் நேரத்தில் கடையைச் சாத்திவிட்டுப் போகிறவனைப் பார்த்து, "உங்க அண்ணனுக்கு இப்பதான் வயசு திரும்புது" என்று அண்ணி என்னிடம் தலையில் அடித்துக்கொண்டாள்.

கோபுரத்தை எல்லாரும் கைவிட்ட பிறகும் விடாமல் ஒரு சிறுமி வந்துகொண்டிருந்தாள். பிள்ளைகள் அவளைத் 'தீப்பெட்டி' என்பார்கள். ஆள் அவ்வளவு சின்னது, உரசினால் பற்றிக்கொள்ளும். பேன்ட்டை இடுப்பில் சுருட்டிவிட்டுக்கொண்டு வருவாள், எம்புவாள், முழங்கையில் தொங்குவாள், விழுவாள். மணலைத் தட்டிக்கொண்டு மறுபடி எம்புவாள். அண்ணன் பெஞ்சின் நுனியில் உட்கார்ந்து, அவள் எம்பும்போதெல்லாம் தானும் எம்புவான்.

"நாலு விரல்தான்," என்பான் என்னிடம். "அவளுக்கு நான் பண்ணின அநியாயம், வெறும் நாலு விரல்."

மாசக் கடைசி வந்தது. பிரிவுத் தலைவர் சொன்ன சொல் தவறாமல் வந்தார். வாசலில் லாரி, அதில் கோபுரத்தைப் பிரிக்க ஆட்கள். கோபுரத்தின் அடியில் தீப்பெட்டி தவிர ஒரு ஜீவன் இல்லை.

அண்ணன் அவரிடம் நேரே போனான். "சார், அளவு குடுத்தது நான். தப்பு என்னுது. என் தங்கச்சி வரைஞ்சதுல ஒரு குறையும் இல்லை."

"யாருதா இருந்தா என்னங்க," என்றார் அவர், எரிச்சலில்லாமல். "ஏறலையே."

சொல்லி வாய் மூடவில்லை, தீப்பெட்டி எம்பி விழுந்தாள். எழுந்தாள். இந்தத் தடவை மறுபடி எம்பவில்லை. இரண்டு அடி பின்னால் போய்த் தட்டையே முறைத்துக்கொண்டு நின்றாள். பிறகு திரும்பிப் பக்கவாட்டில் நின்றாள். ஒரு கையை மேலே ஊன்றி, ஒரு காலை வீசி, உயரமான கட்டிலில் ஏறுகிற மாதிரி குதிகாலைத் தட்டின் விளிம்பில் போட்டுவிட்டாள். குதிகாலுக்கடியில் பேன்ட் மாட்டிக்கொண்டது. மேலேயும் போகமுடியவில்லை, கீழேயும் வரமுடியவில்லை. பாதி உடம்பு அந்தரத்தில் தொங்கியது. அப்படியே உறைந்துபோனாள்.

"அசை!" என்று ஒரு குரல் கேட்டது. யாரென்று திரும்பினால் என் அண்ணன். கழுத்து நரம்பு புடைக்கக் கத்துகிறான். "அசைடி பாப்பா! பேன்ட் கிழிஞ்சா கிழியட்டும், நான் தைச்சுத் தரேன்! அசை!"

அவள் அசைந்தாள். சர்ரென்று தையல் பிரிகிற சத்தம் எங்களுக்கே கேட்டது. நாலு விரல் மடிப்பும் அவிழ்ந்து கால் விடுபட்டது. ஒரு புரள் புரண்டு தட்டின்மேல் குப்புறக் கிடந்தாள். அடுத்த கணம் எழுந்து, மூச்சுக்கூட வாங்காமல், அடுத்த தட்டுக்குக் காலை வீசினாள்.

ஊஞ்சலில் இருந்தவை பார்த்துவிட்டன. பிறகு நடந்ததை நான் சாகிறவரை மறக்கமாட்டேன். பூங்கா மொத்தமும் கோபுரத்தின்மேல் வந்து விழுந்தது. எங்கே பார்த்தாலும் பக்கவாட்டில் வீசுகிற கால்கள். ஒன்று புரண்டு ஏறியது, ஒன்று குட்டிக்கரணம் போடுகிற மாதிரி ஏறியது, ஏறினது ஏறாததைக் கை கொடுத்துத் தூக்கியது. இடுப்பு உயரம் இருந்திருந்தால் எல்லாம் ஒரே மாதிரி கையை ஊன்றி ஏறிப் போயிருக்கும். என் படத்தில் இந்த வழி ஒன்றுகூட இல்லை.

பிரிவுத் தலைவர் என் பக்கம் திரும்பினார். "இப்படித்தான் ஏறுவாங்கன்னு நினைச்சு வரைஞ்சீங்களா?" என்றார்.

"இல்ல சார். சத்தியமா இல்ல."

லாரிக்காரரைப் பார்த்துப் போகச் சொல்லிக் கையைக் காட்டினார். பிறகு கோபுரத்தின் அடியில் போய் அண்ணாந்து நின்றார். உச்சி மேடையில், கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஒரு காலில் மடிப்பு அவிழ்ந்து தொங்க, தீப்பெட்டி நின்றிருந்தாள்.

"சறுக்கிட்டு வாம்மா," என்றார்.

"இறங்கறதுக்கா ஏறினேன்?" என்றாள் அவள். "கொஞ்ச நேரம் இருந்துட்டு வரேன்."

மனுஷர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். அவள் அவரைக் கவனிக்கவில்லை. கீழே யாரையோ தேடினாள். கண்டுபிடித்தாள்.

"அசையாதே மாமா! இப்ப நான் எவ்வளவு உயரம்?"

அண்ணன் கை தானாகக் கழுத்துக்குப் போனது. டேப்பை எடுத்தான். ஒரு முனையைச் செருப்புக்கடியில் மிதித்துக்கொண்டு, மறுமுனையைத் தூக்கிப் பிடித்தான். அது இரண்டாவது தட்டைக்கூடத் தொடவில்லை. டேப்பையும் பார்த்தான், உச்சியில் நிற்கிற அவளையும் பார்த்தான்.

"என் டேப்புல அவ்வளவு இல்லம்மா," என்றான். டேப்பைச் சுருட்டிப் பைக்குள் போட்டுக்கொண்டு, அவள் இறங்கி வரும்வரை அங்கேயே அண்ணாந்து நின்றுகொண்டிருந்தான்.