முழங்காலிட்டு எழுந்த என் சம்பந்தி மதினி

சாளை மீனைக் கழுவிச் சட்டியில் போடும்போது போன் வந்தது. என் மகள் கிரேஸி பேசினாள். "அம்மா, அத்தை போயிட்டாவ. காப்பி கேட்டாவ. போட்டுக்கொண்டு வாரதுக்குள்ள போயிட்டாவ."

அத்தை என்று அவள் சொன்னது அவள் மாமியாரை, என் சம்பந்தி மரிய சூசையம்மாள் அவர்களை. நான் முதலில் கேட்டது, "பிரின்சி எங்க?" என்றுதான். பிரின்சி எங்கள் இருவருக்கும் ஒரே பேத்தி. "ஆச்சி கையப் பிடிச்சிக்கிட்டு உக்காந்திருக்கா. விட மாட்டேங்கா" என்றாள் மகள்.

ஆண்டவருக்குத் தெரியாமல் எதை மறைக்க முடியும்? கண்ணீருக்கு முன்னால் எனக்குப் பொறாமைதான் வந்தது.

முப்பதாம் நாள் பூசைக்கு வருகிறவர்கள் வாசிக்க இதை எழுதச் சொன்னவளும் பிரின்சிதான். "உங்களுக்குத்தான் ஆச்சி அவங்கள நல்லாத் தெரியும்" என்றாள். அது சரிதான். வருஷக்கணக்காக ஒருவரையே பார்த்துப் புழுங்கிக்கொண்டிருந்தவளுக்குத் தெரியாதா?

மதினி புன்னைக்காயலில் பிறந்தவர்கள். கப்பலில் வேலை பார்த்த கணவர் இறந்த பிறகு தூத்துக்குடிக்கு மகனிடம் வந்துவிட்டார்கள். நான் அதே ஊரில் திரேஸ்புரம். சம்பந்தம் பேச வந்த அன்றே என் மீன் குழம்பை ஒரு வாய் வைத்துவிட்டு, "நல்லாருக்கு மதினி. புளிதான் கொஞ்சம் முந்திக்கிட்டு வருது" என்றார்கள். அன்று ஆரம்பித்தது. பிரின்சி பிறந்தபோது மூக்கு என் மூக்கு. பார்த்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். மதினி மட்டும், "மூக்கு வளர வளர மாறும்" என்றார்கள். அவர்கள் ஒரே வீட்டில் பேத்தியோடு இருந்தார்கள். நான் ஞாயிற்றுக்கிழமை விருந்தாளி.

பிரின்சி படித்து முடித்துத் துறைமுகத்தில் ஒரு கப்பல் ஏஜென்சி ஆபீஸில் கம்ப்யூட்டர் வேலை பார்த்தாள். நல்ல சம்பளம். அதை விட்டுவிட்டு, "பெர்சனல் ட்ரெய்னர் ஆகப்போறேன். ஜிம்மில சம்பளத்துக்கு இல்ல, சொந்தமா. வீடு வீடாப் போய் உடற்பயிற்சி சொல்லிக் குடுப்பேன்" என்றாள். அதற்குப் பரீட்சை எழுதி சான்றிதழும் வாங்கியிருந்தாள். நான் ஐந்தாம் வகுப்பு. அந்த இங்கிலீஷ் எழுத்துகளைக் கூட்டிக் கூட்டி அவள் பெயரைக் கண்டுபிடித்து முத்தம் கொடுத்தேன்.

அவள் அப்பா, என் மருமகன், குதியாய்க் குதித்தார். "கிறிஸ்துமஸ் வரைக்கும் பாரு. ஆள் வரலன்னா பேசாம ஆபீஸுக்குப் போயிரணும்" என்று முடிவாகச் சொன்னார். மதினி அதற்கும் மேலே. "ஏளா, குனிஞ்சு நிமிரதுக்கு ஒருத்தி காசு குடுப்பாளா? எங்க ஊர்ல வீட்ட மொழுகினாலே போதுமே" என்று சிரித்தார்கள்.

முதல் நாளிலிருந்து பேத்தி பக்கம் நின்றவள் நான். மீன் ஏலம் போடுகிற இடத்தில் போய் ஒவ்வொருத்தியிடமும் சொன்னேன். "ஆச்சி, ஐஸ் பெட்டி தூக்கித் தூக்கித் தோள்பட்டையே எறங்கிப்போச்சு. எங்களுக்கு இதுக்கு மேல என்ன பயிற்சி?" என்று விரட்டினார்கள். ஒரு பாங்கி அதிகாரி வீட்டம்மா மட்டும் வந்தார்கள். அவர்களும் மாற்றலாகிப் போய்விட்டார்கள். கிறிஸ்துமஸ் நெருங்கியது. பிள்ளை முகம் சுண்டிப்போனது.

மதினிக்கு முழங்கால் வலி பல வருஷமாக. பூசையில் சாமியார் அப்பத்தை உயர்த்திக் காட்டும் எழுந்தேற்ற நேரத்தில் கோயிலே முழங்காலிடும்போது அவர்கள் மட்டும் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார்கள். அது அவர்களுக்குப் பெரிய அவமானம். ஒருநாள் பேத்தியைக் கூப்பிட்டு, "ஏளா ட்ரெய்னரு, என்ன முட்டுக்கால் போட வச்சிருவியா? வச்சிட்டா நீ கெட்டிக்காரிதான்" என்றார்கள்.

தினம் காலை ஆறு மணிக்குப் பயிற்சி. நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, பிறகு ஸ்டூல், பிறகு மணை. நான் போய்ப் பார்த்தேன். "இன்னும் ஒண்ணு ஆச்சி, ஒண்ணே ஒண்ணு" என்று அவள் கெஞ்ச, "ஏளா சண்டாளி, உங்கப்பனப் பெத்தப்ப கூட இப்பிடி நோகல!" என்று மதினி கத்த, இருவரும் சிரிக்க, நான் வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றேன்.

"எனக்கும் சொல்லிக் குடு பிள்ள" என்றேன். பிரின்சி என் காலை மடக்கிப் பார்த்தாள். "உங்களுக்கு என்ன ஆச்சி, கல்லு மாதிரி இருக்கீங்க. ஒண்ணும் வேண்டாம்" என்றாள். நல்ல உடம்பு என்று கேட்டு வயிறெரிந்தவள் இந்த ஊரில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

கிறிஸ்துமஸுக்கு முந்திய ஞாயிறு. எழுந்தேற்ற மணி அடித்தது. மதினி நாற்காலியை விட்டு இறங்கினார்கள். ஒரு கால், மறு கால். முழங்காலிட்டார்கள். எழும்பும்போது யார் கையையும் பிடிக்கவில்லை. பெண்கள் பக்கம் முழுதும் பீடத்தை விட்டுவிட்டு அவர்களைப் பார்த்தது. நான் பக்கத்திலேயே முழங்காலில் இருந்தேன். அறுபது வருஷமாக இருக்கிறேன். யார் பார்த்தார்கள்?

பூசை முடிந்து வாசலில் ஒரே கூட்டம். "எந்த டாக்டர்ட்ட காட்டுனீய?" என்று கேட்டார்கள். மதினி பிரின்சியை முன்னால் இழுத்து நிறுத்தி, "டாக்டர் நடக்கச் சொன்னதோட சரி. நடக்க வச்சவ இவ. சும்மா வேடிக்கை பாக்க வராதீய, பிள்ளைக்கு நேரம் கெடையாது" என்றார்கள். நேரம் கிடையாதாம்! அன்று வரை அவளுக்கு நேரத்தைத் தவிர வேறு என்ன இருந்தது?

ஆனால் வந்தார்கள். டீச்சர்மார், கடைக்காரர் வீட்டம்மாமார், பிறகு என்னை விரட்டிய ஏலக்காரிகளில் ஒருத்தி. பிரின்சி ஆபீஸுக்குத் திரும்பவில்லை. இப்போது ஏழு மணிக்கெல்லாம் அவள் ஸ்கூட்டி கிளம்பிவிடுகிறது.

ஒரு தடவை எனக்குப் பொறுக்கவில்லை. "ஊரெல்லாம் சொன்னவ நான், பேரு உங்களுக்கா மதினி?" என்று கேட்டே விட்டேன். அவர்கள் கோபப்படவில்லை. "நீங்க வாயால சொன்னீய. நான் என் முட்டு வலிய வச்சிக் காட்டினேன். அவ்வளவுதான்" என்றார்கள்.

அடக்கத்தன்று பேத்தியிடம் படிக்கிற பெண்கள் அத்தனை பேரும் வந்து கல்லறைத் தோட்டத்து மணலில் முழங்காலிட்டார்கள். என் இறப்புக்கு இப்படி வருவார்களா என்று அந்த நேரத்திலும் எனக்குத் தோன்றியது.

போன வாரம் பிரின்சி என் வீட்டுக்கு வந்தாள். "ஆச்சி, காலைல ஆறு மணிக்கு சும்மா இருக்க முடியல. நீங்க வாங்க" என்றாள். காலியான இடத்துக்குத்தான் கூப்பிடுகிறாள் என்று தெரியும். போனேன். நீலத்தில் சின்ன டம்பெல் ஒன்றைக் கையில் கொடுத்தாள். தூக்கினேன், தோள் வரைகூட வரவில்லை. "பரவால்ல ஆச்சி. புன்னைக்காயல் ஆச்சி அந்தப் பெருச ஒத்தக் கையால தூக்குவாங்க" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது.

நான் சின்னதைக் கீழே வைத்தேன். "ஏளா, அழாத. அந்தப் பெருச இங்கன எடு" என்றேன்.

மதினி, நிம்மதியாகத் தூங்குங்கள். எனக்கு அவசரமில்லை. அதை ஒற்றைக் கையால் தூக்காமல் நான் அங்கே வரப்போவதில்லை.